‘வேண்டாம்’ என்று முடிந்த பக்கம்

திருப்பதியில் மின்நூல்களைச் சரிபார்க்கும் சின்ன அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். திரையின் அளவுக்கு வரிகள் தானாக மடங்க வேண்டும். நடுவில் யாராவது வரியை முறித்துத் தட்டிவைத்த என்டர்களை நீக்குவதே என் வேலையில் பாதி. அப்படிப்பட்ட நான்தான் அந்தக் கோப்பைத் தயாரித்தேன்.

என் அப்பா, நைனா, சித்தூர் பக்கம் பாலசமுத்திரத்தில் தனியாக இருந்தார். பார்வை மங்கியிருந்ததால், என் பழைய மின்நூல் வாசிப்புக் கருவியில் எழுத்தை ஆகப் பெரிதாக்கிக் கொடுத்திருந்தேன். ரத்தக் கொதிப்பால் தலைசுற்றி விழுந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, டாக்டர் தெலுங்கில் சொன்னதையெல்லாம் தமிழில் தட்டி அதில் ஏற்றினேன். என் லேப்டாப்பில் வரிகள் ஒரே அளவாகத் தெரியவேண்டுமென்று அங்கங்கே என்டர் தட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கருவியில் திறந்து பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து போன் செய்தேன்.

“தலசுத்தல் நின்னுபோச்சும்மா. நீ எழுதிக்குடுத்தாப்லயேதான் நடந்துக்கினுகீறேன்.”

எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் அவர் குரல் குழறியது. “நாக்கு தடிச்சாப்ல கீது. வெயிலுதான். கையும் மரத்துக்கினு…” போன் எங்கோ விழுந்த சத்தம். பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை வேறு யாருடையதோ போல மடியில் கிடந்தது. வெயில்தான் என்று அவர் தடுத்ததால், பக்கத்து வீட்டுக்காரர் அப்போதுதான் ஆட்டோ கூப்பிடப் போயிருந்தார். மேசையில் மாத்திரை அட்டைகள் பாதிக்கு மேல் பிரிக்காமல் இருந்தன.

“ஏன் நைனா போடல?”

இடது கையால் கருவியை என் பக்கம் தள்ளினார். “நீதான எழுதிகீற.”

பக்கத்தின் கடைசி வரி: தலைச்சுற்றல் நின்றால் மாத்திரை வேண்டாம்

அடுத்த பக்கத்தைத் தள்ளினேன். அதன் முதல் வரி: என்று நிறுத்திவிடக் கூடாது.

‘வேண்டாம்’ என்ற சொல்லுக்குப் பின் நான் என்டர் தட்டியிருந்தேன். பெரிய எழுத்தில் பக்கமும் சரியாக அங்கேயே முடிந்திருந்தது.

சித்தூர் ஆஸ்பத்திரியில், மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார் என்று டாக்டர் தெலுங்கில் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நைனா குழறினார்: “நேனே.” நானேதான் என்றார். என்னைப் பார்க்கவில்லை.

உயிர் பிழைத்தார். வலது கை திரும்பவில்லை. இப்போது திருப்பதியில் என்னோடு இருக்கிறார். கருவியைத் தொடுவதில்லை, நான்தான் படித்துக் காட்டுகிறேன். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் கையை உயர்த்தி என்னை நிறுத்துகிறார்.

“அவ்ளோதானா? இன்னும் கீதா?”