தேர் காத்துநின்ற வளைவு

பிரேமினியால் திறக்க முடியாத போனும் இல்லை, மூட முடியாத வாயும் இல்லை என்று தலவாக்கலை பஜாரில் சொல்வார்கள். கொழுந்து பறிக்கும் அழகம்மாவின் மகள் அவள். கூடப் படித்தவர்கள் கொழும்புத் துணிக்கடைகளுக்கு வண்டியேற, இவள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போன் ரிப்பேர் கடை போட்டாள். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேல?" என்று கேட்டவர்கள்தான் இப்போது செத்த போனைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்கிறார்கள். அவளுக்கு அதில் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, சும்மாவா வந்தது?

டயகமப் பக்கத்தில் அவள் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டம். அங்கே மாரியம்மன் தேர் மேல் டிவிஷனில் புறப்பட்டுக் கீழ் டிவிஷனுக்கு இறங்கும். ஒரே சரிவு. முன்னால் இழுப்பவர்களைவிடப் பின்வடம் பிடித்து நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். எதிரே பஸ் ஏறி வந்தால் ஒதுங்க இடமில்லை. ஒரு வருஷம் அப்படித்தான் ஆகி, தேர்ச்சக்கரம் பாதையோரச் சாக்கடைக் கானுக்குள் இறங்கிவிட்டது.

அடுத்த வருஷம் கோயில் கமிட்டி வோக்கி டோக்கிக்கு அலைந்தது. தேரோடு வருகிறவர்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலை ஒரு ஜோடி தந்தது. கீழே வண்டி மறிக்கிறவர்களுக்கு, செக்யூரிட்டி வேலை பார்க்கும் கிஷாந்த் ஒரு ஜோடி கேட்டு வாங்கி வந்தான். இரண்டும் வேறு வேறு அலைவரிசை. இதில் பேசினால் அதில் கேட்காது.

"இவ்வளவுதானா மாமா?" என்றாள் பிரேமினி, கமிட்டித் தலைவர் செல்லசாமியிடம். தொழிற்சாலை செட்டைக் கம்ப்யூட்டரில் மாட்டி, அதன் அலைவரிசை எல்லையை விரித்தாள். செட்டும் மறுபேச்சில்லாமல் கிஷாந்த் செட்டின் எண்ணைக் காட்டியது. கோயில் முற்றத்தில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பேசிப் பார்த்தார்கள். கணீரென்று கேட்டது. பெண்கள் குலவை போடாத குறைதான்.

தேருக்கு முதல் நாள் காலையில், எதற்கும் பார்ப்போமே என்று ஒரு செட்டோடு பாதையில் இறங்கினாள். முதல் வளைவுக்குள் கரகரத்தது. அதைத் தாண்டியதும் மூச்சே இல்லை. பட்டரியை மாற்றினாள், ஏரியலை மாற்றினாள், ஒன்றும் ஆகவில்லை. அப்புறம்தான் உறைத்தது. கம்ப்யூட்டர் எண்ணைத்தான் மாற்றியிருக்கிறது. செட்டின் உள்ளுறுப்புகள் பழைய அலைவரிசைக்கென்றே செய்தவை. அதை விட்டு விலக விலகக் குரலும் மெலியும், காதும் மந்தமாகும். முற்றத்துக்குள் யாருக்குத்தான் கேட்காது?

சொல்லாமல் விட்டிருக்கலாம். தேர் தப்பினால் பெயரும் தப்பும். ஆனால் பின்வடம் பிடிக்கிறவர்களில் அவளுடைய அண்ணன் தனுஷனும் இருந்தான். அவன் வழுக்கினால் தேர் அவன் மேல்தான்.

நேரே கமிட்டிக்குப் போனாள். "மாமா, நான் செஞ்சது சரிவராதுங்க."

"நேத்து நல்லாக் கேட்டுச்சே புள்ள?"

"முத்தத்துல கேட்டுச்சு. வளைவுக்கு அங்கிட்டுக் கேக்காது. இதுக்கு மேல விரிக்க முடியாதுங்க. பழையபடி மாத்திடுறேன். தேருக்கு ஒன்னு, கீழ ஒன்னு இருக்கட்டும். மிச்சம் ரெண்டையும் எங்கிட்ட குடுங்க. நடு வளைவுல நின்னா ரெண்டு பக்கமும் கேக்கும். கீழ சொல்றத நான் மேல சொல்றேன்."

"மெசினு தோத்துருச்சு, இவ வாயி ஜெயிச்சிருச்சு" என்று கமிட்டியில் இருந்த மூக்கன் சிரித்தார். அந்த வாயை மட்டும் அவள் மூடவில்லை.

மறுநாள் தேர் பாதி மலை இறங்கியிருந்தது. "பஸ்ஸு! நிக்காம ஏறுது!" என்று அவளுடைய இடது கை செட்டில் கிஷாந்த் அலறினான். "தேர நிறுத்துங்க! கட்டயப் போடுங்க!" என்று வலது கை செட்டுக்குள் கத்தினாள். தனுஷனும் மற்றவர்களும் வடத்தோடு பின்னால் சாய, தேர் அசையாமல் நின்றது. பஸ் அவளுடைய வளைவுவரை வந்து, முறைத்துவிட்டுப் பின்வாங்கியது. "எம் மக சொல்லித்தான் தேரு நின்னுச்சு!" என்று அழகம்மா கூட்டத்தில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தாள்.

இந்த வருஷம் ஒரே மாதிரி புது செட்டுகள், நல்ல பவர். மேலிருந்து கீழே நேராகவே பேசலாம். பிரேமினி பட்டுச்சேலை கட்டி, தேருக்கு முன்னால் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தாள். நடு வளைவில் தேர் நின்றது.

"பாத காலி, வரலாம்" என்று கிஷாந்தின் குரல் தெளிவாக வந்தது. தேரை நிறுத்தத் தூக்கிய கையைச் செல்லசாமி இறக்கவில்லை.

"அதான் வரச் சொல்லிட்டானே மாமா?"

"அவன் சொன்னாப் போதுமா?" என்று அவர் செட்டை அவளிடம் நீட்டினார். "நீ சொல்லு புள்ள."

பிரேமினி செட்டை வாங்கி வாயருகே பிடித்தாள். வாய்க்குப் பேர்போனவளுக்கு ஒரே ஒரு சொல்தான் வந்தது.

"வரலாம்."

தேர் நகர்ந்தது.