திருச்செந்தூருக்கு நேர்ந்த வண்டி

துருவுக்கு ஒரு ருசி உண்டு. உப்புத்தாளை வைத்துத் தகரத்தைத் தேய்க்கத் தேய்க்கக் கிளம்பும் செம்பழுப்புத் தூள் உதட்டில் படிந்து, நாக்கால் தொட்டால் கரிப்பும் கைப்புமாக, அடிபட்ட உதட்டில் கசியும் இரத்தத்தைப் போலவே இருக்கும். எழுபதுகளின் நடுவில், நான் ஆறாம் வகுப்பு எழுதி முடித்த கோடை விடுமுறை முழுவதும் அந்த ருசியோடுதான் சோறு தின்றேன். பாவாடை, தலைமுடி, நகக்கண் எல்லாம் சிவப்பு. "பொம்பளப்பிள்ளையா இது, செங்கச் சூளையில இருந்து எந்திரிச்சு வந்த மாதிரில்லா இருக்கு" என்று அம்மா தலையில் எண்ணெய் வைக்கும்போதெல்லாம் திட்டுவாள்.

அப்பா தூத்துக்குடியில் உப்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். உப்பளத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டு செங்கோட்டை தாண்டி மலையாளத்துப் பக்கம் போனாரென்றால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. அவர் வரும்வரை அம்மாவுக்குச் சோறு இறங்காது. "என் தாலியக் கொண்டுபோய் செங்கோட்டை மலையில தொங்கவிட்டுட்டு வாராரு இந்த மனுசன்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பாளே தவிர, பயம் அவளை விட்டதே இல்லை.

அளத்து முதலாளியின் சரக்குக் கிட்டங்கியில், உப்புச் சாக்குகளுக்கு நடுவே, ஒரு பழைய சீமைக் கார் கிடந்தது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடற்கரைக் கொட்டகையில் சிப்பி ஏலம் எடுக்கப் போய்வர அவர் வாங்கியது. முத்துக்குளிப்பு நின்றது, காரும் நின்றது. உப்புக்காற்று அதை உள்ளும் புறமும் தின்றுகொண்டிருந்தது. ஒருநாள் கிட்டங்கிக்கு இடம் வேண்டியிருந்தபோது முதலாளி அப்பாவைக் கூப்பிட்டு, "எடைக்குப் போட மனசு வரல. எஞ்சின் தெரிஞ்சவன் நீ, எடுத்துட்டுப் போயிருலே" என்று சொல்லிவிட்டார். மாட்டு வண்டிக்குப் பின்னால் வடம் கட்டி அது எங்கள் தெருவுக்குள் வந்தபோது, தேர் வருகிற மாதிரி பிள்ளைகள் கூடவே ஓடி வந்தார்கள்.

அதைச் சரிசெய்து ரெயிலடியில் வாடகைக்கு ஓட்ட வேண்டும் என்பது அப்பாவின் கணக்கு. காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். அம்மாவுக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. எனக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போய், திருச்செந்தூர் முருகனிடம் கேட்டுக் கேட்டு, அப்போதுதான் மறுபடியும் உண்டாகியிருந்தாள். இந்தப் பிள்ளை பிறக்கும்போது அப்பா வீட்டில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

வீட்டை ஒட்டிய காலி மனையில் ஓலைப்பந்தல் போட்டுக் காரை நிறுத்தினார்கள். அடித்தகரம் அரித்துப்போய், உள்ளே உட்கார்ந்து குனிந்தால் தரையில் ஊரும் கட்டெறும்பு தெரிந்தது. பிடித்துக்கொண்ட நட்டுகளை அப்பா கழற்றிக் கழற்றிச் சிரட்டைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போடுவார். துரு தேய்ப்பது என் வேலை. அம்மா வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்து, தேங்காய்நாரைப் பிய்த்துப் பொதிந்து, பின்சீட்டுக்குத் தடித்த துணியில் உறை தைத்தாள். எஞ்சின் வேலைக்கு வந்தவர் அடுத்த தெரு சூசை சித்தப்பா. துறைமுகத்தில் லாஞ்சு மெக்கானிக். அப்பாவை அண்ணாச்சி என்றும் அம்மாவை மைனி என்றும் கூப்பிடுவார், அந்த முறையில் எனக்குச் சித்தப்பா.

அடித்தகரத்துக்கு ஒட்டுப்போட்டு முடிந்ததும், மறுபடி துரு ஏறாமலிருக்கத் தோணிக்குப் பூசுகிற மீனெண்ணெயை ஒரு டின்னில் கொண்டுவந்தார். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "முருகன் கோயிலுக்குப் போற வண்டிக்கு மீனெண்ணெயா?" என்றாள்.

"மைனி, உங்க முருகன் குடியிருக்கதே கடக்கரையிலதான. இந்த வாடை அவருக்கு என்ன புதுசா?" என்றார் சித்தப்பா. அப்பா காருக்கு அடியில் படுத்துக்கொண்டு சிரித்தார். அவர் கால்கள் மட்டும் குலுங்கியது இப்போதும் கண்ணில் இருக்கிறது.

எல்லாம் பூட்டியும் எஞ்சின் பிடிக்கவில்லை. முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றிச் சுற்றி அப்பாவின் உள்ளங்கை கொப்பளித்தது. லாரியில் ஓட்டம் போய்விட்டு, வந்த களைப்போடு மறுபடி சுற்றுவார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் அம்மா ஒரு வெள்ளிக்கிழமை தலைமுழுகி, மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து ஸ்டியரிங்கில் கட்டினாள். "முருகா, இதுக்கு உசிரு குடுத்தியானா முதல் ஓட்டம் உன் வாசலுக்குத்தான். அதுக்கு முன்னால இது எங்கயும் போகாது" என்று சத்தமாகவே சொன்னாள். அன்று சாயங்காலம் சூசை சித்தப்பா கார்பரேட்டரைப் பிரித்து ஊதி மாட்டினார், அப்பா ஒரு சுற்றுச் சுற்றினார், கார் இருமி இருமிப் பிடித்துக்கொண்டது. "அடைப்பு எடுத்தது நான், பேரு உங்க சாமிக்கா மைனி" என்று சித்தப்பா கேட்க, "உம்ம கைக்குப் புத்தி குடுத்தது யாரு?" என்று அம்மா கேட்டாள்.

வைகாசி விசாகத்தன்று திருச்செந்தூர் போவதென்று முடிவாயிற்று. அதுவரை அந்தக் கார் நின்ற இடத்திலேயே ஓடியது. அப்பா ஓட்டம் முடிந்து வரும்போதெல்லாம் எஞ்சினைப் போட்டு, கொஞ்ச நேரம் உறுமவிட்டு, நிறுத்திவிடுவார். கறுப்புப் பெயின்ட் அடித்துக் காய்ந்து பளபளத்தும் அது பந்தலைத் தாண்டி ஒரு சாண் நகரவில்லை. தெருவில் கேலி பேசினார்கள். அம்மா அசையவில்லை.

விசாகத்துக்குச் சில நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம், நாள் ஆகுமுன்பே அம்மாவுக்கு வலி வந்தது. அப்பா வீட்டில் இருந்தார், சித்தப்பாவும் பந்தலில் இருந்தார். அம்மா கேட்டது அந்த அளவுக்குக் கிடைத்தது. அப்பா ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு, "ஏளா, கார்ல ஏறு" என்றார்.

அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வேண்டாங்க. நேர்ந்தது நேர்ந்ததுதான். ஆஸ்பத்திரிக்கு முதல் ஓட்டம் போனா பொறவு அது அந்தத் தடத்தையே புடிச்சுக்கிடும். ஜட்கா கொண்டாரச் சொல்லுங்க."

"வலியப் பாருளா. முருகன் பொறுத்துக்கிடுவான்."

"இந்தப் பிள்ளையும் அவங்கிட்டதான் வாங்கியிருக்கேன். ஒரு கையில வாங்கிட்டு ஒரு கையில வாக்கை மாத்தவா?"

அப்பா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சித்தப்பாதான், "மைனி, போற வழியில எங்க மாதா கோயில் வாசல்ல ஒரு நிமிசம் நிப்பாட்டுவோம். அதுவும் கோயில்தான. முதல் ஓட்டம் கோயிலுக்குன்னு ஆயிரும்" என்று கெஞ்சினார். அம்மா அந்த வலியிலும் சிரித்தாள். "மாதா தாயி, பொறுத்துக்கிடுவா. இவன் சின்னப்பிள்ளைல்லா, கோவிச்சுக்கிட்டு மலையேறிருவான்." நான் கேட்ட அவளுடைய கடைசிப் பேச்சு அது.

ஜட்கா தேடி ஆள் போய், குதிரை வண்டிக்காரர் சாப்பாட்டுக்குப் போயிருந்து, வண்டி வந்து சேர நேரமாயிற்று. அதற்குள் அம்மா பனிக்குடம் உடைந்து, சேலை நனைந்து, முகம் வெளுத்திருந்தாள். ஆஸ்பத்திரி ரெயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். ஜட்கா போன நேரம், உப்பு ஏற்றிய கூட்ஸ் வண்டியை முன்னும் பின்னுமாக நகர்த்திக்கொண்டிருந்தார்களாம். வெகுநேரம் கேட் திறக்கவே இல்லையாம். ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்து அழவில்லை. அம்மா அதற்குப் பிறகு கண் விழிக்கவில்லை.

எனக்கு இதை யாரும் வந்து சொல்லவில்லை. வெயில் தாழ்ந்த நேரத்தில் அப்பா மட்டும் நடந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேரே பந்தலுக்குப் போய், ஸ்டியரிங்கில் கட்டியிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்து மடியில் செருகிக்கொண்டு, எஞ்சினைப் போட்டார். செத்தவர்களை ஏற்ற ஜட்காக்காரர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆனாலும் அந்த முடிச்சை அவர் அவிழ்த்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் கார் மனையை விட்டு வெளியே போனதை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். அம்மா தன் கையால் தைத்த பின்சீட்டில் படுத்து வீடு வந்து சேர்ந்தாள், பிள்ளை அவள் பக்கத்தில்.

பதினாறு கழிந்த பிறகு சித்தப்பா ஒருநாள், "காரா இருந்தாலும் கேட்டுல நின்னுதான ஆகணும் அண்ணாச்சி" என்றார். ஜட்காவுக்குக் காத்திருந்த நேரம் முழுக்க அந்தக் கேட் திறந்துதான் கிடந்தது என்பது அப்பாவுக்கும் தெரியும், சித்தப்பாவுக்கும் தெரியும்.

லாரி வேலையை விட்டுவிட்டு அப்பா அந்தக் காரை வாடகைக்கு ஓட்டத் தொடங்கினார். ரெயிலடிச் சவாரியைவிட ஆஸ்பத்திரிச் சவாரிதான் அதற்கு அதிகம் வந்தது. பிரசவ வலி என்று எந்தத் தெருவிலிருந்து ஆள் வந்தாலும், சாப்பிட்ட கையைக் கழுவாமல்கூட எழுந்து போவார். வாடகை கேட்க மாட்டார். "அவ சொன்ன தடத்துலதான ஓடுது" என்று ஒருமுறை, எனக்கென்று இல்லாமல், சொன்னார்.

துக்கம் கழிந்த மறு விசாகத்துக்கு என்னை ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர் போனார். கோயில் தெரிந்ததும் ஓரமாக நிறுத்திவிட்டு, கதவைத் திறந்துபோட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். "நீ போயிட்டு வாளா. அம்மா நேர்ந்த வண்டி வந்திருக்குன்னு சொல்லிட்டு வா" என்றார். நீங்களும் வாங்கப்பா என்று கூப்பிட்டேன், மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். காவடிக்கும் பால்குடத்துக்கும் நடுவே நெருக்குண்டு சன்னிதிக்குப் போய், அவர் சொன்னபடி சொன்னேன். இலை விபூதி வாங்கி வந்து கொடுத்தேன். ஸ்டியரிங்கில் கொஞ்சம் பூசினார். திரும்பிப் பின்சீட்டில் கொஞ்சம் பூசினார். தன் நெற்றியில் வைத்துக்கொள்ளவில்லை.

அப்பா போய் வருடங்கள் ஆயின. காரும் கடைசியில் எடைக்குத்தான் போயிற்று. ஜட்காக்கள் இல்லை, அந்த லாயங்கள் இருந்த இடம்கூட என் பிள்ளைகளுக்குத் தெரியாது. கிட்டங்கியை இடித்துவிட்டார்கள். சிப்பி ஏலம் என்றால் இன்றைக்கு யாருக்கும் விளங்காது. போன் அடித்தால் விளக்கு சுழல ஆம்புலன்ஸ் வாசலுக்கே வருகிறது, அது தெருவுக்குள் நுழையும்போதெல்லாம் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

கிருத்திகைதோறும் திருச்செந்தூர் போகிறேன். கோயில் முன்னால் புது வண்டிகள் மாலை போட்டு நிற்கும், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். என் மகன் கார் வாங்கியபோது நாங்களும் வைத்தோம். அதில் எனக்குக் குறையில்லை. சன்னிதிக்கு முன்னால் நிற்கும்போது மட்டும், முருகனிடம் கேட்க ஒரு கேள்வி தொண்டைவரை வரும். கேட்டதில்லை. கேட்டால் அவனைக் கேட்டதாக இருக்காது, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவைக் கேட்டதாகிவிடும், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அப்பாவைக் கேட்டதாகிவிடும். இருவருமே அவனை நம்பித்தான் நின்றார்கள். விபூதியை வாங்கிக்கொண்டு, மகன் காத்திருப்பான் என்று வெளியே வந்துவிடுகிறேன்.