பகலில் தையல், மாலையில் பிராந்தி

பினாயில் வாடை எங்கே வந்தாலும் எனக்குச் சிம்மக்கல்லில் இருந்த அந்த நீளக் கூடம்தான் நினைவுக்கு வரும். எண்பதுகளின் தொடக்கத்தில் மதுக்கடைகள் மறுபடி திறந்தபோது, ஒருவர் அதை வாடகைக்கு எடுத்துப் பிராந்திக் கடை வைத்தார். சாயங்காலம்தான் அவருக்கு வியாபாரம். பகலில் சும்மா கிடக்கும் இடத்தை, பாதி வாடகைக்கு என் தையல் வகுப்புக்குக் கொடுத்தார். தனியாக இடம் பிடிக்க எனக்கு வசதியில்லை. நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். காலையில் பிள்ளைகள் வருவதற்குள் நான் பாட்டில்களை ஒதுக்கி, தரையைக் கழுவிவிடுவேன். சாயங்காலம் மிஷின்களைச் சுவரோரம் தள்ளித் துணி போட்டு மூடிவிட்டுக் கிளம்புவேன். வீட்டிலும் வெளியிலும் யார் கேட்டாலும், துணிக் குடோனில் வகுப்பு நடத்துகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

கப்பலூரில் வேலை பார்த்த கம்பெனியை மூடிய பிறகு என் வீட்டுக்காரர் குடிக்கத் தொடங்கியிருந்தார். எங்கே குடிக்கிறார் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

ஒருநாள் மத்தியானம் பாவாடைக்கு நாடா கோக்கக் காட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தள்ளாடியபடி உள்ளே வந்து, பிள்ளைகளுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்து, மிஷின் பலகையைத் தட்டினார்.

"தம்பி, ஒரு குவாட்டர் கொண்டா."

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பின்பக்கம் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த அண்ணன் ஓடி வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"பயப்படாதீங்க பிள்ளைகளா, நம்ம கடைக்கு வர்ற ஆளுதான். நேரம் தெரியாம வந்துட்டாரு," என்று சொல்லிக்கொண்டே கையைப் பிடித்து எழுப்பினார்.

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் போதை இறங்கிவிட்டது போலிருந்தது. இரண்டு கையையும் கூப்பினார்.

"ஆமா டீச்சர், நேரம் தெரியாம வந்துட்டேன். மன்னிச்சிருங்க."

யாரோ எவரோ என்று விட்டிருந்தால் மானம் தப்பியிருக்கும். ஆனால் அவர் வாயிலிருந்து வந்த அந்த 'டீச்சர்' என்னை உட்காரவிடவில்லை.

"இவரு என் வீட்டுக்காரர்ம்மா," என்றேன் பிள்ளைகளிடம். "வீட்ல விட்டுட்டு வாரேன்."

பட்டப்பகலில் அவர் தோளைத் தாங்கிக்கொண்டு நடந்தேன். மொத்த வியாபாரக் கடைகளில் மூட்டை தூக்குகிறவர்கள் கூட ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர்கள் ஏதாவது கேலி பேசியிருந்தால் கூட எனக்குத் தேவலை போலிருந்தது.

மறுநாள் காலையில் கூடத்து வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் வந்ததே இல்லை.

"நேத்து அவரு குடிச்சது எங்கயோ டீச்சர். ஆனா மத்த நாள்ல..."

"தெரியும்ணே," என்றேன். தெரியாது; 'நம்ம கடைக்கு வர்ற ஆளு' என்று முந்தின நாள் அவர் சொன்னதைச் சமாளிப்பு என்றே நினைத்திருந்தேன். சொல்லும்போதுதான் தெரிந்தது, எனக்கு எப்போதோ தெரிந்திருந்தது என்று.

"சத்தியமா அவரு உங்க வீட்டுக்காரர்னு நேத்துதான் தெரியும். இனிமே அவருக்கு ஊத்த மாட்டேன்."

நல்லது அண்ணே என்று சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே மிஷின்களை எடுத்துக்கொண்டு வேறு இடம் தேடியிருக்க வேண்டும். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"வேண்டாம்ணே. இங்க இல்லேன்னா வேற எங்கயாவது போவாரு. எங்க விழுந்து கிடக்காருன்னு நான் எம்புட்டு இடத்தில தேடுவேன்? இங்கன்னா நீங்க அளவாக் குடுத்து அனுப்பி வைப்பீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பெண்டாட்டியே வந்து புருஷனுக்கு ஊற்றிக் கொடுக்கச் சொன்னதை அதற்கு முன் அவர் கேட்டிருக்க மாட்டார்.

அந்தக் கடை இருந்தவரைக்கும் தினமும் இருட்டுவதற்குள் ஒரு ரிக்‌ஷா என் வீட்டுக்காரரை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. அப்படிக் கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. ஆனாலும் அந்த வண்டிச் சத்தம் கேட்கிற வரைக்கும் நான் அடுப்பைப் பற்றவைக்காமல் காத்திருப்பேன்.