மாஸ்டர் வீட்டு மடக்கு நாற்காலி

நாற்காலி வாடகைத் தொழிலில் உட்கார்ந்தவர் முகம் மறந்துபோகும். எத்தனை போனது, எத்தனை திரும்பியது என்பது மட்டும் மறக்காது. இதே தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மணமகன் பெயர் தெரியாமல் நூறு கல்யாணம் பார்த்திருப்பீர்கள்.

அன்று இருந்தவர்கள்

மாஸ்டர் அடக்கத்துக்கு வந்த பாதிரியார் ஒருவர். கன்னியாஸ்திரீகள் இருவர். பேண்டு வாசிப்பவர்கள் பதினான்கு பேர். சென்னையிலிருந்து இரண்டு காரில் வந்த வாத்தியக்காரர்கள் ஒன்பது பேர். மாஸ்டர் மகள் ஸ்டெல்லாவுடன் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் இருபத்திரண்டு பேர். சொந்தக்காரர்கள் முப்பத்தொரு பேர். ஊர்க்காரர்கள் அறுபத்து நான்கு பேர். டெம்போ ஓட்டும் வேலுவும் நானும். ஆக நூற்று நாற்பத்தைந்து. நாங்கள் இறக்கியது நூற்றைம்பது மடக்கு நாற்காலி. ஐந்து மீதி இருக்க வேண்டும். இருந்தது.

மாஸ்டர் என்றால் கிளாரினெட் மாஸ்டர். எங்கள் கடை இருக்கும் திண்டிவனத்திலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் அவர் ஊர். சென்னையில் முப்பது வருடம் சினிமாவுக்கு வாசித்துவிட்டு, கடைசியில் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். பஸ் கண்டக்டரே அந்த நிறுத்தத்தில் ஊர் பெயரைச் சொல்ல மாட்டார், "கிளாரினெட் வீடு எறங்கு" என்பார். சவப்பெட்டி வைக்க ஹாலைக் காலி செய்து, வீட்டுச் சாமான்களை எல்லாம் வாசலில் பந்தலுக்குள் வைத்திருந்தார்கள். பெட்டி பக்கத்தில் மாஸ்டரின் சம்சாரம் உட்காரப் பந்தலிலிருந்து ஒரு நாற்காலியை யாரோ உள்ளே எடுத்துப் போனார்கள். அதை நான் பார்த்தேன். மனதில் குறித்துக்கொண்டேன். பேண்டு ஆரம்பித்ததும் மறந்துவிட்டேன். வேலு என் தோளைத் தொட்டுச் சொன்னான்:

"நைனா, சேருங்கள எண்ணாத கொஞ்ச நேரம். மனுசன் போய்கினு இருக்காரு."

வட்டம் இல்லாத ஒன்று

எங்கள் நாற்காலி எல்லாம் பச்சை. முதுகுத் தகட்டின் பின்பக்கம் மஞ்சள் பெயிண்டில் ஒரு வட்டம் இருக்கும். மற்ற கடைக்காரர் சரக்கோடு கலந்தால் பிரிக்க அந்த வட்டம்தான் வழி. அந்தக் காலத்தில் விழுப்புரத்தில் ஒரே பட்டறையில்தான் எல்லோரும் வாங்கினோம். கடைக்காரரும் வாங்கினார், வீட்டுக்காரரும் வாங்கினார். எல்லாம் ஒரே அச்சு, ஒரே பச்சை.

துக்க வீட்டிலிருந்து திரும்பியதைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினேன். பதினைந்து அடுக்கு, நூற்றைம்பது. அதில் ஒன்றுக்கு வட்டம் இல்லை. திருப்பிப் பார்த்தேன், கவிழ்த்துப் பார்த்தேன். உதிர்ந்த தடம்கூட இல்லை. மறுபடி எண்ணினேன். நூற்றைம்பதேதான். குறைந்தால் தேடலாம், கூடினால் திருப்பிக் கொடுக்கலாம். சரியாக இருக்கும்போது என்ன செய்வது? எனக்குப் பிடிபடவில்லை. என்னைவிட இருபது வயது சின்னவரான முதலாளியிடம் தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னேன். அடுத்த வாரம் கடையில் இருந்த முந்நூற்று இருபதுக்கும் புதுப் பச்சை அடிப்பதாக இருந்தது. அந்தக் கணக்கில் இதுவும் அடக்கம்தானே, இதற்கும் சேர்த்தே அடித்துவிடச் சொன்னார். அடித்தேன். வட்டத்தையும் என் கையாலேயே போட்டேன். அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது:

"கணக்கு சரியா இருக்குதில்ல? அப்புறம் இன்னா சந்தேகம் பெரியவரே?"

கண்ணாடிப் பெட்டிக்கு அளவு

ஆறு வருடம் கழித்து ஒரு புதன்கிழமை ஸ்டெல்லா டீச்சர் கடைக்கு வந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு மாஸ்டர் வீட்டின் முன் அறையை ஊர் மக்கள் பார்க்கத் திறந்து வைக்கிறார்களாம். கிளாரினெட், மூக்குக்கண்ணாடி, அவர் உட்கார்ந்து வாசித்த நாற்காலி, மூன்றும் கண்ணாடிப் பெட்டியில். அறுபது நாற்காலி வேண்டும் என்றார். அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று சீட்டு எடுத்தேன். அவர் உட்காரவில்லை. எங்கள் அடுக்கில் ஒன்றைத் திருப்பி, பின்பக்க வட்டத்தைப் பார்த்தபடியே நின்றார்.

மாஸ்டர் போன நாளிலிருந்து அந்த வீட்டு நாற்காலியின் முதுகில் ஒரு வெள்ளைத் துணி போர்த்தியிருந்ததாம். அம்மா தினமும் சாயங்காலம் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஜெபமாலை சொல்வாராம். அது முடிந்ததும் அன்றைய சேதி எல்லாவற்றையும் நாற்காலியிடம் சொல்வாராம். அம்மா வெளியே போயிருந்தபோது, பெட்டிக்கு அளவெடுக்க வந்த தச்சர் துணியை எடுத்திருக்கிறார். பின்னால் மஞ்சள் வட்டம். நூற்றைம்பது போய் நூற்றைம்பது வந்த கதை அப்போதுதான் புரிந்தது. எங்களுடையது அங்கே நின்றுவிட்டது, வாசலில் சாமான்களோடு கிடந்த மாஸ்டருடையது எங்களோடு வந்துவிட்டது. ஆறு வருடமாக அது கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறது. அடுக்கிலிருந்த மற்ற நாற்காலிகளையும் ஒவ்வொன்றாகத் திருப்ப ஆரம்பித்தேன். டீச்சர் குரலைத் தாழ்த்தினார்:

"அம்மாவுக்குத் தெரிஞ்சா ஒடஞ்சி போயிடுவாங்கய்யா. ஞாயித்துக்கெழம பூசை முடியறதுக்குள்ள எங்கப்பாவக் கொண்டாந்துடுங்க."

விழுப்புரத்தில் செருப்பு

அடையாளம் ஒன்று டீச்சரே சொன்னார். வாசிக்கும்போது மாஸ்டர் வலது குதிகாலை நாற்காலியின் முன் கம்பியில் மாட்டித் தாளம் தட்டுவார். அந்த இடம் தேய்ந்திருக்கும். எளிது என்று நினைத்தேன். கடையில் இருந்த இருநூறையும் கவிழ்த்தேன். வலது பக்கம் தேய்ந்தவை இருபத்து மூன்று. பந்தியில் இலைக்குக் காத்திருக்கிறவர்கள்கூடக் காலை அங்கேதான் மாட்டுகிறார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பாக்கி நூற்றிருபது விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தது. வியாழக்கிழமை முகூர்த்தம். நானும் வேலுவும் போனோம். யாரையும் எழுந்திருக்கச் சொல்ல எனக்குக் கூச்சம். குனிந்து குனிந்து வரிசையாகக் கால்களைப் பார்த்துக்கொண்டே போனேன். பட்டு வேட்டி கட்டிய ஒருவர் கத்தினார்: "யோவ் பெருசு, இன்னா பாக்கற? செருப்பெல்லாம் வெளியே வுட்டாச்சு!" வேலு சமாதானம் சொல்வதாக நினைத்து மாஸ்டர் விஷயத்தை உடைத்துவிட்டான். அவ்வளவுதான். தாலி கட்டுவதைப் பார்ப்பதை விட்டுவிட்டு வரிசை வரிசையாக எல்லோரும் தங்கள் காலுக்கடியில் பார்த்தார்கள். "இதான்" என்றார் ஒருவர். "அது இல்ல, இதான்" என்றார் இன்னொருவர். திண்டிவனத்துக்காரர் என்று வேலு சொன்னதும், மாஸ்டர் முதன்முதலில் வாசிக்கக் கற்றது விழுப்புரத்து பேண்டில்தான் என்று ஒருவர் எழுந்து நின்று சொன்னார். சொல்லிவிட்டு அவசரமாக உட்கார்ந்துகொண்டார். மூன்று பேர் சாப்பிடக்கூடப் போகவில்லை. பட்டு வேட்டிக்காரர் நாற்காலியின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மாஸ்டர் உக்காந்த சேருன்னா நான் எழுந்திரிக்க மாட்டேன். பொண்ணு மாப்பிள்ளைய இங்க வரச் சொல்லு, ஆசீர்வாதம் பண்றேன்."

நாற்காலி எப்போது வாசிக்கும்

விழுப்புரத்தில் பதினெட்டு தேறியது. ஆக நாற்பத்தொன்று. வெள்ளிக்கிழமை முழுவதும் அவற்றை முற்றத்தில் வரிசையாக நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க எல்லாம் மாஸ்டருடையது போலவும் இருந்தது, எதுவுமே இல்லாதது போலவும் இருந்தது.

சனிக்கிழமை டீச்சர் வேலுவின் போனுக்கு ஒரு பதிவு அனுப்பினார். மாஸ்டர் வீட்டில் சாதகம் செய்தபோது பழைய கேசட்டில் பிடித்ததாம். அதில் பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவர் மூச்சு இழுக்கப் பின்னால் சாய்கிறார். நாற்காலி கீச்சென்கிறது, முதலில் சின்னதாக ஒன்று, பிறகு நீளமாக ஒன்று. அதற்குப் பிறகுதான் கிளாரினெட். நான் ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து சாய்ந்தேன். வேலு போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒத்துப் பார்த்தான். சத்தம் போடுகிறவை ஒன்பது. அதில் சின்னதும் நீளமுமாகப் போடுகிறவை மூன்று. ஊரே கொண்டாடிய வாசிப்பை வைத்துக்கொண்டு, அது எப்போது நிற்கும் என்று காத்துக்கிடந்தவர்கள் நாங்கள் இருவராகத்தான் இருப்போம். ஒரு நீண்ட ஆலாபனை நடுவில் வேலு பொறுமை இழந்தான்:

"பேஜாராப் போச்சு நைனா. ஜல்தியா முடிக்கச் சொல்லு அவர, சேரு எப்ப வாசிக்கும்?"

மூன்றில் ஒன்று

மூன்றையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு என் கையே நினைவுக்கு வந்தது. பச்சை அடித்ததற்கு முன்பும் எங்கள் நாற்காலிகளுக்கு வட்டம் இருந்தது. அதன் மேல் பச்சை, பச்சையின் மேல் புது வட்டம். மாஸ்டருடையதில் புது வட்டம் மட்டும்தான் இருக்கும். பிளேடால் மெல்லச் சுரண்டினேன். முதல் நாற்காலியில் பச்சைக்குக் கீழே மஞ்சள். இரண்டாவதில் பச்சைக்குக் கீழே பச்சை. நம்பாமல் மூன்றாவதையும் சுரண்டினேன், மஞ்சள். இரண்டாவதின் மேல் நான் போட்ட வட்டத்தைத் துளி விடாமல் சுரண்டி எடுத்தேன். முதல் நாளே இதைச் செய்திருக்கலாம் என்று வேலு சொல்லவில்லை. முகத்தில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அறுபது நாற்காலியோடு அதையும் ஏற்றிப் போனோம். டீச்சர் அம்மாவைப் பூசைக்கு அழைத்துப் போயிருந்தார். நான் மாஸ்டருடையதை முன் அறையில் வைத்தேன். எங்களுடையதை மடக்கி, துணியைத் தனியாக மடித்து, வாசலுக்கு வந்தேன். எதிரே அம்மா. முட்டி வலியால் பாதியிலேயே திரும்பிவிட்டாராம். பின்னால் டீச்சர், முகத்தில் ரத்தம் இல்லை. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அம்மா என்னைத் தாண்டி உள்ளே போய், புதிதாக வந்திருந்ததில் மெதுவாக உட்கார்ந்தார். பின்னால் சாய்ந்தார். சின்னதாக ஒன்று, நீளமாக ஒன்று. கண்ணை மூடிக்கொண்டார். வாசலில் நின்ற நாங்கள் மூன்று பேரும் கிளாரினெட்டுக்குக் காத்திருப்பது போல நின்றோம்.

பிறகு எழுந்து என் கையிலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "அது சத்தம் போடாதுன்னு எனக்கு மொத நாளே தெரியும் தம்பி" என்றார். அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று டீச்சர் அழுதுகொண்டே கேட்டார். யாரிடம் போய்க் கேட்பது, அழுகிற நேரத்தில் அது பக்கத்தில் இருந்தது, சொன்னதை எல்லாம் கேட்டது என்றார் அம்மா. மாஸ்டருடையது கண்ணாடிப் பெட்டிக்குப் போனது. எங்களுடையது துணியோடு பழைய இடத்துக்கே போனது. இது வாடகைச் சரக்கு என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்:

"ஆறு வருசமா எங்கூட்டு சமாச்சாரம் பூரா இதுக்குத் தெரியும். இத இட்டுகினு போய் எவன் கல்யாணத்துலயோ போடுவியா நீ?"

கணக்கு சரியாக இருந்த ஆறு வருடமும் நான் தப்பு, ஒன்று குறைந்து முதலாளியிடம் பேச்சு வாங்கிய அன்றுதான் சரி. கையிருப்பு முந்நூற்றுப் பத்தொன்பது.