எட்டு போல்ட், எட்டுப் பச்சை

முதலில் 'பீப்' என்ற சத்தம்தான். அதற்குப் பிறகுதான் பச்சையா சிவப்பா என்று விளக்கைப் பார்ப்போம். கரண்டில் போல்ட் முறுக்கும் துப்பாக்கிக்கு மூளை மாதிரி ஒரு கண்ட்ரோலர் பெட்டி உண்டு; போட்டுவைத்த அளவுக்கு இறுகினால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. கப்பலூரில் ஒரு பம்பு கம்பெனியில் அதைப் பழுது பார்க்கிறேன், நிரந்தர நைட் ஷிப்ட். படிக்காமல், பிரித்துப் பிரித்தே கற்றுக்கொண்ட சக பாவிகளுக்கு என் கதை புதிதாக இருக்காது.

விசிறி

பம்பு மூடி முறுக்கும் இடத்தில் பெட்டி சூடேறி நின்றுவிட்டது. திறந்தால் விசிறிக்குள் பல்லி. எடுத்துத் துடைத்து ஓடவிட ஒரு மணி நேரம். அங்கே வேலை பார்த்த ஜெயமேரி செல்லூர்க்காரி, காண்ட்ராக்ட் ஆள், அடுத்த மாதம் நிரந்தரம் ஆக வேண்டியவள். பல்லியை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது செத்ததுக்கு ஒரு மணி நேரம் லைன் நின்னுச்சு. நான் செத்தா நிக்குமாண்ணே?"

பேட்டரி

அதே பெட்டிக்குள் காசு அளவில் ஒரு பேட்டரி. போல்ட்டை எம்புட்டு இறுக்க வேண்டும் என்ற எண்ணைப் பெட்டி மறக்காமல் இருப்பது அதனால்தான். கரண்ட் ஓடும்போதே அதை மாற்ற வேண்டும். எனக்கு ஷாக் பயம், மெயினை அணைத்துவிட்டு மாற்றினேன். எண்கள் எல்லாம் அழிந்துவிட்டன. அளவு எழுதிய புத்தகம் ஆபீஸ் பீரோவில், சாவி காலையில்தான் வரும். ஞாபகத்திலிருந்து போட்டேன். இருபத்தெட்டுக்குப் பதில் பதினெட்டு. பெட்டி அதற்கே திருப்திப்பட்டுப் பச்சை காட்டியது. சூப்பர்வைசருக்கு ஒரே சந்தோஷம்: "பத்து நிமிசத்துல முடிச்சுட்டீங்க. நீங்கதாண்ணே இன்ஜினியர்."

பச்சை

மூன்றாம் நாள் சோதனையில் பம்பு மூடியோரம் தண்ணீர் கசிந்தது. சூப்பர்வைசர் ஒரு போல்ட்டைத் திருகினார், லேசாகக் கழன்று வந்தது. பெட்டியில் பார்த்தால் பம்பின் எட்டு போல்ட்டுக்கும் எட்டுப் பச்சை. நிறத்தைப் பார்த்தார், அளவைப் பார்க்கவில்லை. எங்கள் லைனில் ஒரு பழக்கம் உண்டு. அவசரத்தில் ஒரு போல்ட்டை விட்டுவிட்டு, இறுக்கியதையே மறுபடி தொட்டு எண்ணிக்கையை ஒப்பேற்றுவார்கள். ஜெயமேரியும் அதைத்தான் செய்தாள் என்று முடிவு கட்டிவிட்டார். ஒரு தடவைகூடச் செய்ததில்லை என்று அவள் சத்தியம் செய்தாள். நான் போட்டது பதினெட்டு என்பது அப்போதுதான் உறைத்தது. பக்கத்திலேயே ஸ்க்ரூடிரைவரோடு நின்றேன். அவர் சத்தமே போடவில்லை: "பெட்டிக்கு யாரு மேலயும் கோவம் கிடையாது மேரி. வீட்டுக்குப் போங்க."

சொன்னது

இரண்டு பகல் தூங்காமல் கிடந்து, பிறகு சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். வேறு ஆள் போட்டாகிவிட்டது, மேலிடத்துக்கு எழுதியதை இனி மாற்ற முடியாது, எண்ணை மட்டும் திருத்திவிடுங்கள் என்றார். என்னை ஒன்றும் செய்யவில்லை. பெட்டியைத் திறக்க வேறு ஆள் இல்லை.

செல்லூருக்குப் போனேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஜெயமேரி திட்டவில்லை. "என் பக்கத்துலதானே நின்னீக. அப்பச் சொல்லிருந்தாப் போதுமேண்ணே."

தப்புச் செய்தவனை அனுப்பிவிட்டால் பெட்டியை யார் பார்ப்பது என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டே, அன்றைய ஷிப்டில் நாலாம் பெட்டியின் பிய்ந்த கேபிளுக்கு டேப் சுற்ற உட்கார்ந்தேன்.