சிம்பல் இல்லாத ஆல்பம்

"இரு, இரு. இப்ப எங்க சிம்பல் அடிச்சான்? காட்டு."

"இப்பதான் மாமா. நீங்க நிறுத்துன இடத்துலயே ஒண்ணு விழுந்துச்சு."

"விழல."

"விழுந்துச்சுங்குறேன்."

மெக்கானிக் பாட்டைப் பத்து விநாடி பின்னுக்கு இழுத்து மறுபடி ஓடவிட்டார். ஸ்பீக்கருக்கு முன்னால் மண்டியிட்டு, காதை அதன் வலைத்துணி மேல் வைத்தார். கிடார் இழுத்தது. பெரிய டிரம் இரண்டு முறை இடித்தது. பாடகன் கிணற்றுக்குள்ளிருந்து யாரையோ கூப்பிட்டான். வேறொன்றும் இல்லை. எழுந்து மைத்துனனைப் பார்த்தார்.

மைத்துனன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். வாரத்தில் ஆறு நாள் முப்பது பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு, ஏழாவது நாள் அக்கா வீட்டுக்கு வந்து த்ராஷ் மெட்டல் என்னும் வேகமான ராக் இசை கேட்பான்.

"உனக்கு எல்லாம் ஓடணும். ரெண்டு நிமிஷத்துல முடியணும். மூணாவது நிமிஷம் வந்தா தூங்கிருவ."

"உங்க ஆளுங்க மூணாவது நிமிஷத்துலதான் மாமா கிடாரையே தோள்ல மாட்டுறாங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். கீழ்வீட்டுக்காரரோடு போட்ட ஒப்பந்தப்படி மூன்றிலிருந்து ஐந்துவரை சத்தம் இருக்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒருவர் ஒரு பாட்டுப் போட வேண்டும், மற்றவர்கள் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது, முடிந்ததும் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். பதினோரு வருடமாக இதுதான் நடைமுறை. பாட்டு முடியும்வரை பேசக் கூடாது என்ற விதியை அன்று மெக்கானிக்கே மீறிவிட்டார்.

சண்டை பழையது. குளிர் நாடு ஒன்றில் மூன்று தாடிக்காரர்கள் சேர்ந்து நடத்தும் குழு அது. டூம் மெட்டல் என்னும், ஊர்ந்து போகிற இசை. ஒரு பாட்டு பதினைந்து நிமிடத்துக்குக் குறையாது. ஆறு வருடத்துக்கு முன் வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தில் சிம்பலே கிடையாது என்பது மெக்கானிக்கின் கட்சி. டிரம்ஸ் வாசிப்பவனைச் சுற்றி நிற்கும் அந்தப் பித்தளைத் தட்டுகளை, அவன் ஒரு முடிவோடு கழற்றி வைத்துவிட்டு வாசித்திருக்கிறான். வெளிச்சத்தை அணைப்பது மாதிரி. இதைப் பற்றி இணையத்தில் ஒரு ரசிகர் குழுவில் நான்கு பக்கம் எழுதியிருந்தார். 'பித்தளையைத் துறந்தவன்' என்று தலைப்பு. அவர் எழுதியவற்றிலேயே அதிகம் பேர் பாராட்டியது அதைத்தான்.

"நாளைக்கு ஒன்பதே முக்கால்" என்றாள் மனைவி. அடுத்த அறையிலிருந்து வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். "நான் எதுவும் சொல்லல. நேரத்தை மட்டும் சொன்னேன்."

"இப்ப அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

ஒன்பதே முக்கால் என்பது காதுப் பரிசோதனை. மூன்றாவது முறையாக நேரம் வாங்கியிருந்தாள். முதல் முறை ஃபேக்டரியில் மெஷின் படுத்துவிட்டது என்றார். இரண்டாவது முறை காய்ச்சல் என்று படுத்தார். அவள் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு வந்ததும் எழுந்துவிட்டார்.

அவர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின் மெக்கானிக். நூற்று இருபது மெஷின். முப்பத்தொரு வருடம். ஒரு வரிசைக்குக் குறுக்கே நடந்தால் போதும், எது நூலை அறுக்கப்போகிறது, எதன் ஊசி அரை மில்லிமீட்டர் தள்ளி இறங்குகிறது என்று சொல்லிவிடுவார். கருவிப்பெட்டியைத் திறக்குமுன் காதைக் கொடுக்க வேண்டும் என்பது அவர் தொழில் விதி. ஒன்றரை வருடமாக மெஷின் தலையில் விரல் நுனிகளை வைத்துப் பார்க்கிறார். புதிய முறை என்று மற்றவர்களிடம் சொன்னார். இரண்டு பேர் அதையே பழகவும் ஆரம்பித்தார்கள். காது போய்விட்டது என்று காகிதத்தில் ஏறினால் ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே ஊசி எண்ணிக் கொடுக்கலாம்.

மெட்டல் அவருக்கு வந்தது பதினெட்டு வயதில், தொழிற்பயிற்சிப் பள்ளியில். லேத் பிரிவில் படித்த ஒருவன் நாலாவது பிரதியாக எடுத்த கேசட்டைக் கொடுத்தான். அதில் இசையைவிட இரைச்சல் அதிகம். எது இரைச்சல், எது இசை என்று பிரிக்க மூன்று மாதம் பிடித்தது. அப்புறம் பிரிக்க மனம் வரவில்லை. கிடார் வாங்கினார். ஆறு நரம்பும் வேறு வேறு நாளில் அறுந்தன. விற்றுவிட்டார். கறுப்பு பனியன்களை மட்டும் விடவில்லை. இன்றும் யூனிஃபார்ம் சட்டைக்கு உள்ளே ஒரு மண்டையோடு இருக்கும்.

கல்யாணமான புதிதில் மனைவி ஒரு பாட்டை முழுக்கக் கேட்டுவிட்டு, "இவனுக்கு யாராவது தண்ணி குடுக்கக் கூடாதா?" என்றாள். அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்று வருடம் கழித்து மெட்டல் பைத்தியத்தில் அவரைத் தாண்டிப் போய்விட்டாள். பல் லேபில் வேலை. நாள் முழுக்கப் பொய்ப்பல்லை அரத்தால் ராவுகிறவள். அந்தக் கீச்சுச் சத்தத்துக்குப் பயந்து முதல் நாளிலிருந்தே காதில் பஞ்சு. அவளுக்குப் பிடித்தது பிளாக் மெட்டல். குளிரும் மின்சாரமும் கலந்த ஒரு சீறல். மெக்கானிக் அதைக் கேட்டு, "குழாயை மூடு, தண்ணி வீணாகுது" என்பார். ஒவ்வொரு ஞாயிறும் சொல்வார். அவளும் ஒவ்வொரு ஞாயிறும் எழுந்து குழாயைப் பார்த்துவிட்டு வந்து உட்காருவாள்.

ஒரு மாதத்துக்கு முன் அவள் சாவியை மறந்துபோய், வாசலில் நின்று இருபது நிமிடம் மணி அடித்தாள். அவர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பாட்டுகூட ஓடவில்லை. கதவைத் திறந்ததும் மணியில்தான் கோளாறு என்றார். கழற்றிப் பிரித்தார். குறை எதுவும் அகப்படவில்லை. அதற்காக விட்டுவிடுகிறவர் இல்லை. புதிது வாங்கி மாட்டினார். "இதுவும் சரியில்ல, கம்பெனிச் சரக்கே இப்படித்தான்" என்றார். அன்றுதான் அவள் முதல்முறை நேரம் வாங்கினாள்.

"ஒண்ணு செய்வோம் மாமா" என்றான் மைத்துனன். "நானும் அக்காவும் முதுகைக் காட்டி உக்காருறோம். கண்ணை மூடிக்கறோம். நீங்க பாட்டைப் போடுங்க. சிம்பல் விழும்போதெல்லாம் கையைத் தூக்குறோம். ரெண்டு பேர் கையும் ஒண்ணாத் தூக்கினா இருக்குன்னு அர்த்தம்."

"தூக்கலைன்னா?"

"அடுத்த ஞாயிறு பூரா உங்க தாடிக்காரங்கதான். நான் பேசவே மாட்டேன்."

இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டார்கள். அக்கா ஜன்னலைப் பார்த்தாள், தம்பி அலமாரியைப் பார்த்தான். கண்ணை மூடினார்கள். மெக்கானிக் நடுவில் நின்று இருவர் கண்ணையும் சோதித்துவிட்டுப் போய்ப் பாட்டைப் போட்டார்.

முதல் ஒரு நிமிடம் யாரும் அசையவில்லை. அவர் முகத்தில் வெற்றி வர ஆரம்பித்தது. அப்புறம் இரண்டு கைகளும் எழுந்தன. சேர்ந்து. இறங்கின. எட்டு எண்ணுவதற்குள் மறுபடி எழுந்தன. அவருக்கு அந்த இடத்தில் கிடார் மட்டும் கேட்டது. கைகள் எழுவதும் இறங்குவதும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கும் ஏதோ மாதிரி இருந்தது.

பாட்டை நிறுத்தினார்.

"கூடப் பொறந்தவங்க. ஒண்ணா வளந்தவங்க. பேசி வச்சிருக்கீங்க."

"பதினாறு நிமிஷப் பாட்டையா மாமா பேசி வைப்போம்? எங்களுக்கு வேற வேலை இல்லையா?"

"இந்த ஆல்பத்தை ஆறு வருஷமாக் கேக்குறீங்க. மனப்பாடம்."

"நீங்க கேக்க வச்சது" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமல்.

வெள்ளிக்கிழமை ரசிகர் குழுவில் யாரோ ஒருவர் தன் வீட்டு கேரேஜில் பதிவு செய்த பாட்டை அவருக்கு மட்டும் அனுப்பியிருந்தார். அதை மெக்கானிக்கே இன்னும் கேட்கவில்லை. அதைப் போட்டார். வால்யூமைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். கைகள் எழுந்தன, இறங்கின. எண்ணத் தொடங்கினார், எதையும் எண்ணிப் பார்க்கிற ஆள். முப்பத்தொன்று. ஓர் இடத்தில் மைத்துனன் கையைப் பாதி தூக்கினான், மனைவி ஒரு விரலை மட்டும் தூக்கினாள்.

"அது என்ன?"

"அங்க லேசாத் தொட்டுட்டு விட்டான்" என்றாள்.

மெக்கானிக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். மைத்துனன் திரும்பிப் பார்த்தான். பார்த்ததும் சிரிப்பதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேலி செய்தே பழகியவன் என்பதால் போனை எடுத்தான்.

"மாமா, அந்தக் கட்டுரைக்குக் கீழ என்னென்ன எழுதியிருக்காங்க பாருங்க. 'பித்தளை என்பது இங்கே ஆசை. ஆசையைத் துறந்த பிறகு எஞ்சும் இருளைத் தோழர் எவ்வளவு நுட்பமாகத் தொட்டிருக்கிறார்.' அடுத்தவர், 'நானும் சிம்பலைக் கேட்காமல் கேட்க முயன்றேன். மூன்றாம் முறை முடிந்தது. நன்றி.' மாமா, உங்களால ஒருத்தன் காது போச்சு."

"ஒருத்தன்கூட இருக்குன்னு சொல்லலையே."

"நீங்க ஏதோ பெருசாச் சொல்றீங்கன்னு நெனச்சுட்டாங்க. நானே முதல் வருஷம் அப்படித்தான் நெனச்சேன். மாமா ஆழமாப் போறாரு, நமக்குத்தான் புரியலைன்னு."

மெக்கானிக்குக் கோபம் வந்து, வந்த வழியே போனது. பழைய பாட்டுகளில் சிம்பல் எங்கே விழும் என்று அவருக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். காது விட்ட இடத்தை ஞாபகம் போட்டு நிரப்பிவிடும். இந்த ஆல்பம் வந்தபோது நிரப்ப ஞாபகம் இல்லை. அவ்வளவுதான் விஷயம். அதற்குத்தான் நான்கு பக்கம்.

"அப்ப எனக்கு இது புடிச்சதே காது கேக்காததாலதானா?" யாரையும் பார்க்காமல் கேட்டார். "முப்பது வருஷமா இது நல்லது, அது குப்பைன்னு சண்டை போட்டேன். அதெல்லாம் என் ரசனை இல்லையா?"

மைத்துனன் போனைச் சட்டைப்பையில் போட்டான்.

"ரசனை உங்களதுதான்" என்றாள் மனைவி. "அதை யாரும் புடுங்கப் போறதில்ல, பயப்படாதீங்க. இந்த ஆல்பம் சிம்பலோட சேர்த்துக் கேட்டாலும் நல்லாத்தான் இருக்கு. நான் ஆறு வருஷமா அப்படித்தானே கேக்குறேன்."

"உனக்குப் புடிக்கும்னு சொன்னதே இல்லையே?"

"சொன்னா வாரா வாரம் போடுவீங்க."

கீழ்வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம் வந்தது. அக்காவும் தம்பியும் கீழே பார்த்தார்கள், அவர் பார்க்கவில்லை.

"உன் பாட்டுல என்ன இருக்கு?" என்றார் மனைவியிடம். "அந்தக் குழாய்த் தண்ணியில?"

அவள் யோசித்தாள். "மேல ஒரு கிடார் தனியா ஓடும். ரொம்ப மெல்லிசா. அழுகை மாதிரி இருக்கும், ஆனா அழுகை இல்ல. அதுக்குத்தான் அந்தப் பாட்டே."

"எனக்கு அது வரவே இல்ல."

"தெரியும்."

"எப்பத்துலேர்ந்து?"

"மணியைப் பிரிச்ச அன்னிலேர்ந்து."

"இத்தனை நாள் உன் பாட்டைப் பாதி கேட்டுட்டுத் திட்டியிருக்கேன்."

"பாதிக்கே அவ்வளவு திட்டு. முழுசாக் கேட்டா என்ன சொல்வீங்களோ."

மைத்துனன் அப்போதுதான் சிரித்தான். மெக்கானிக்கும் கொஞ்சம் சிரித்து, நடுவில் நிறுத்திக்கொண்டார்.

"ஃபேக்டரியில கேப்பாங்க" என்றார்.

"கேக்கட்டும்."

"ஸ்டோருக்குப் போகச் சொல்வாங்க."

"சொன்னா அப்பப் பேசிக்கலாம் மாமா" என்றான் மைத்துனன். "உங்க விரலை வச்சே ரெண்டு பேர் தொழில் பழகிட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது நான் சும்மா சொன்னது."

"அவங்க சும்மாப் பழகலையே."

மெக்கானிக் எழுந்தார். ஸ்பீக்கரை அணைத்தார். மணி நான்கு பத்து. ஒப்பந்தத்தில் இன்னும் ஐம்பது நிமிடம் பாக்கி இருந்தது. "ஒன்பதே முக்காலா?" என்று கேட்டார்.

"ஒன்பதே முக்கால்."

"லீவு சொல்லணுமே."

"அரை நாள்னு உங்க ஃபேக்டரியில வெள்ளிக்கிழமையே சொல்லிட்டேன்."

"என்ன காரணம் சொன்ன?"

"காய்ச்சல்னு" என்றாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு இருவரும் கிளம்பினார்கள். பரிசோதனை அறை ஒரு துணி அலமாரி அளவுதான் இருந்தது. சுவரெல்லாம் ஸ்பாஞ்ச். பரிசோதிக்கும் பெண் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னாள். இருபத்தைந்து நிமிடம் ஆனது. வரைபடத்தில் கோடு பாதி தூரம் நேராகப் போய், அப்புறம் கீழே இறங்கியது. இரண்டு காதிலும் அப்படித்தான். வலது காதில் கொஞ்சம் அதிகம். பாட்டால் வந்ததா மெஷினால் வந்ததா என்று அவர் கேட்டார். பிரித்துச் சொல்ல முடியாது சார், இரண்டுமாக இருக்கலாம், ஃபேக்டரியில் இத்தனை வருடம் காதடைப்பான் போடாதது தப்பு என்றாள். கேட்கும் கருவிக்காகக் காதுக்குள் பசை விட்டு அச்சு எடுத்தார்கள். தங்கள் லேபில் இருப்பதும் இதே வகைப் பசைதான், இன்னும் ஒரு நிமிடம் விட்டு எடுத்தால் விளிம்பு நன்றாக வரும் என்று மனைவி சொன்னாள். அந்தப் பெண் இரண்டாவது காதுக்கு ஒரு நிமிடம் அதிகம் விட்டாள். கருவி வர இரண்டு வாரம் ஆகும்.

மனைவி லேபுக்குப் போனாள். அவர் பன்னிரண்டு மணிக்கு ஃபேக்டரிக்குப் போய், ரிப்போர்ட்டை மேனேஜரிடம் கொடுத்தார். மேனேஜர் இரண்டு முறை படித்தார். ஸ்டோரில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்றார். மெக்கானிக் அங்கே போக விருப்பமில்லை என்றார். கருவி வந்ததும் பார்த்து முடிவு செய்யலாம், அதுவரை சத்தம் கேட்டுச் சொல்ல இன்னொருவர் கூட வரட்டும் என்று மேனேஜர் காகிதத்தை ஃபைலில் வைத்தார். மதியத்துக்கு மேல் அவர் மூன்று மெஷின் சரி செய்தார். ஐந்தரைக்கு ஷிஃப்ட் முடிந்தது. பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது.