வெள்ளிக்கிழமைத் திமிங்கலம்

எங்களுக்கு வெள்ளிதான் ஞாயிறு.

1991இல், படப்பையைத் தாண்டி ஒரகடம் போகிற சாலையில், வயல்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு ரப்பர் தொழிற்சாலையில் நான் வேலை பார்த்தேன். மின்சாரத்தைப் பங்கிட்டுக்கொள்வதற்காக எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வெள்ளிக்கிழமையை வார விடுமுறையாக வைத்திருந்தார்கள். ஊர்ப் பெண்களெல்லாம் தலை முழுகிக் கோயிலுக்குப் போகிற நாளில், நாங்கள் இருவர் மட்டும் தலை வாரிக்கொண்டு பட்டணத்துக்குப் பஸ் ஏறினோம்.

இன்னொருத்தி மணிமங்கலத்துக்காரி. எனக்குப் பக்கத்து ஸ்டூல். அச்சிலிருந்து சூடாக வரும் ரப்பர் வளையங்களின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சின்னக் கத்தரியால் வெட்டி எறிவது எங்கள் வேலை. நாளெல்லாம் வட்டம், வட்டம், வட்டம். கண்ணை மூடினாலும் இமைக்குள் வட்டங்கள் உருளும். விரலில் ஏறிய ரப்பர் வாசனை சோற்றிலும் வரும், மல்லிகைப் பூவிலும் வரும்.

அவளுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு ஆரணிக்கும் அப்பால்.

"அங்கேர்ந்து பட்டணம் எவ்ளோ தூரம்னு கேட்டேன்டி. 'அது இன்னாத்துக்கு உனக்கு?'ங்கறாங்க."

சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடியவள், அந்த இடத்திலேயே தீர்மானம் போட்டாள். கல்யாணத்துக்குள் பட்டணத்தைப் பார்த்து முடித்துவிட வேண்டும். முக்கியமாக, எழும்பூர் மியூசியத்துத் திமிங்கலத்தை.

எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடமே அங்கே சுற்றுலா போனபோது அவளுக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலைக்கு நடுவே படுத்துக் கிடந்தாள். போய்வந்த பிள்ளைகள் வருஷம் முழுக்க அந்த எலும்புக்கூட்டைப் பற்றியே பேசினார்களாம். அதன் வாய்க்குள் வகுப்பு மொத்தமும் உட்காரலாம் என்றார்களாம்.

"அத்தப் பாக்காம நான் தாலி கட்டிக்க மாட்டேன்."

"மொதல்ல மாப்ளயப் பாத்தியா?"

"போட்டோல பாத்தேன். அது போதும். திமிங்கலத்த நேர்ல பாக்கணும்."

கையில் இருந்தது பஸ், ரயில் செலவுக்கும் ஆளுக்கு ஒரு தின்பண்டத்துக்கும்தான். அதற்கு மேல் ஒரு பைசா கேட்காத இடங்களாகத் தேடினோம். பட்டணம் அப்படியொன்றும் கஞ்சம் இல்லை. திரிசூலம் ஸ்டேஷனில் இறங்கி, அடுத்த ரயில் வரும்வரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்தால் எதிரே விமானங்கள் ஏறும், இறங்கும். ஒவ்வொன்றின் வயிற்றையும் பார்த்து அவள் கையசைப்பாள். மவுண்ட் ரோட்டில் பதினாலு மாடிக் கட்டடத்தின் நிழலில் நின்று, கழுத்து நோக மாடிகளை எண்ணினோம்; அவளுக்குப் பதினைந்து வந்தது. ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில், ஆறாம் மாடியில் சித்தப்பா இருப்பதாகச் சொல்லி லிஃப்டில் ஏறினோம். அங்கே அவர் இல்லாததால் கீழே இறங்கினோம். மறந்துபோய் எட்டாம் மாடி என்று சொல்லி மறுபடி ஏறினோம். லிஃப்ட்காரர் சிரித்தார்.

"உங்க சித்தப்பாக்கு ஒரு எடத்துல இருக்கத் தெரியாதாம்மா?"

தியாகராய நகர்ப் புடவைக் கடையில் கட்டவே முடியாத விலையில் ஏழு பட்டுப் புடவைகளைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்தாள். கடைக்காரப் பையன் முகம் வாடாமல் மடித்து வைத்தான். கடற்கரையில் காசில்லாமல் கிடைத்ததற்குக் கணக்கே இல்லை. அலை, காற்று, பட்டம், அடுத்தவர் சண்டை.

ஆடி பிறந்ததும் சிக்கல் வந்தது. "ஆடி வெள்ளியும் அதுவுமா ஊர் சுத்தப் போறாளுங்க, கொழுப்பப் பாரு!" என்று அவள் அம்மா தெருவே கேட்கக் கத்தினார். அதற்கும் வழி கண்டோம். போகிற இடத்திலெல்லாம் முதலில் ஓர் அம்மன் கோயிலுக்குள் நுழைந்து குங்குமம் வாங்கிக் காகிதத்தில் மடித்துக்கொள்வோம். மைலாப்பூர்க் குங்குமம், திருவல்லிக்கேணிக் குங்குமம், மாம்பலம் குங்குமம். மகளின் பக்தியை நினைத்து அம்மா உருகிப் போனார்.

திமிங்கலத்தை மட்டும் கடைசி வாரத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தாள். சாப்பாட்டில் வடையை ஓரமாக நகர்த்தி வைத்துக் கடைசியில் தின்கிற ஜாதி அவள்.

அந்தக் கடைசி வெள்ளியன்று, இருப்பதிலேயே நல்ல தாவணி, கனகாம்பரம், நெற்றியில் எழும்பூர்க் குங்குமத்தோடு போய் நின்றால், மியூசியத்தின் பெரிய கேட் பூட்டியிருந்தது.

காவல்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்.

"வெள்ளிக்கெழம லீவும்மா."

"வெள்ளிக்கெழமயா? எல்லாருக்கும் ஞாயித்துக்கெழமதான லீவு?"

"எங்களுக்கு வெள்ளி. நாளைக்கி வா."

"நாளைக்கி டூட்டி கீது."

"அப்ப லீவு அன்னிக்கி வா."

"லீவு அன்னிக்கிதாங்க வந்துகீறோம்!"

அவர் கையிலிருந்த பொரி வாய்க்குப் போகாமல் நின்றது. "எங்களுக்கும் வெள்ளி, உங்களுக்கும் வெள்ளியா? அப்ப இந்த ஜென்மத்துல பாக்க முடியாது போ!" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவள் அழவில்லை. கேட்டின் கம்பிகளுக்கு இடையே முகத்தை வைத்து, உள்ளே தெரிந்த சிவப்புக் கட்டடத்தையே பார்த்தாள். எந்த ஜன்னலுக்குப் பின்னால் என்று தேடினாள் போல.

"எத்தன மணிக்கு மூடுவீங்க?"

"அஞ்சு. நாலரைக்கே டிக்கெட் குடுக்கறத நிறுத்திடுவான்."

திரும்பி வரும் ரயிலில் அவள் நாள் எண்ணினாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். சனி, ஞாயிறு, திங்கள். செவ்வாயிலிருந்து அவள் வேலைக்கு வரப்போவதில்லை. பந்தக்கால் நட்டுவிட்டால் கல்யாணப் பெண் தெருவைத் தாண்டக் கூடாது. லீவு எழுதிக் கொடுத்தால் அப்பா கையெழுத்து வேண்டும். தாம்பரம் வந்தபோது சொன்னாள்.

"ஷிப்ட் ரெண்டு மணிக்கி முடியுது. நாலரைக்கி எழும்பூர். ஓடலாம்டி."

இரண்டு மணிக்குச் சங்கு ஊதினால் மட்டும் போதாது. வெட்டிய வளையங்களை டிரேயோடு தராசில் வைத்து எடை போட்டுக் கொடுத்த பிறகுதான் கேட்டைத் தாண்டலாம். அந்த வரிசையிலேயே அரை மணி போய்விடும். சனியும் ஞாயிறும் அப்படியே போயின. திங்கட்கிழமை நாங்கள் விடியற்காலை ஐந்தரைக்கே ஸ்டூலில் உட்கார்ந்தோம். டீக்கு எழவில்லை, சோற்றுக்கு எழவில்லை. அவள் கத்தரி பறந்தது. ஆனால் ஒரு வளையத்திலும் வெட்டுக்காயம் இல்லை. சங்கு ஊதும்போது தராசுக்கு முன்னால் முதல் ஆள் அவள், இரண்டாவது நான்.

சூப்பர்வைசர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"கல்யாணப் பொண்ணுக்கு இன்னா இவ்ளோ அவசரம்? மாப்ள கேட்டாண்ட நிக்கிறாரா?"

"ஆமா சார். ரொம்பப் பெரிய ஆளு. எலும்பும் தோலுமா கீறாரு."

"தோலு ஏது சார், வெறும் எலும்புதான்" என்றேன் நான்.

அவர் ஒன்றும் புரியாமல் கையெழுத்துப் போட்டார். ஓடினோம்.

படப்பையில் பஸ் கிளம்பிவிட்டது. அவள் நடுரோட்டில் நின்று இரண்டு கைகளையும் விரித்தாள். டிரைவர் திட்டினார், ஏற்றிக்கொண்டார். தாம்பரத்தில் மேம்பாலப் படிகளை இரண்டிரண்டாகத் தாவினோம். ரயிலில் உட்கார இடமிருந்தும் அவள் உட்காரவில்லை. தான் உட்கார்ந்தால் ரயிலும் உட்கார்ந்துவிடும் என்பதுபோலக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். திரிசூலத்தில் ஒரு விமானம் தலைக்கு மேலே போனது. முதல்முறையாக அவள் கையசைக்கவில்லை.

கேட்டில் அதே காவல்காரர்.

"அட, வெள்ளிக்கெழமப் பொண்ணுங்க! ஓடு, ஓடு, பெட்டியப் பூட்டறான்!" என்று எங்களுக்கு முன்னால் அவரே ஓடினார். "யோவ், இரு. நம்ம வூட்டுப் பொண்ணுங்க."

டிக்கெட் கிடைத்தது.

அந்த எலும்புக்கூட்டை எப்படிச் சொல்வது? எத்தனையோ வருஷமாக எழுதிப் பார்க்கிறேன், என் வாக்கியங்கள் நீளம் போதவில்லை. அறை முழுக்க அதுதான். கவிழ்ந்த படகின் மரங்களைப்போல விலா எலும்புகள். ஆளில்லாத அறையில் எங்கள் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. அவள் தாடையின் கீழே போய் அண்ணாந்து நின்றாள். பிறகு, எட்டு மணி நேரம் வட்டங்களைச் சோதித்த அந்தக் கண்களைச் சுருக்கி, ஒவ்வொரு எலும்பின் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனாள்.

"பிசிறே இல்லடி" என்றாள்.

எங்கள் தொழிலில் அதற்குமேல் ஒரு பாராட்டு கிடையாது.

பின்னர் செருப்பைக் கழற்றினாள். தலைக்கு நேர்கீழே குதிகாலை வைத்து, விரலுக்கு முன்னால் அடுத்த குதிகால், அதற்கு முன்னால் அடுத்தது என்று அளக்கத் தொடங்கினாள். ஆரணிக்கு எடுத்துப்போக அவளுக்கு அந்த எண் வேண்டியிருந்தது. பாதி உடம்பைத் தாண்டியபோது மணி அடித்தது.

"போச்சு, எண்ணிக்க விட்டுப்போச்சு."

"வாடி, மூடறாங்க."

"மறுபடியும் தலைலேர்ந்து."

சாவிக்கொத்தோடு காவல்காரர் வந்து வாசலில் நின்றார். பக்கத்து அறைகளில் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் நெருங்கி வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தலைக்கே போய்க் குதிகாலை வைத்து, "ஒண்ணு" என்றாள்.

காவல்காரர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"எண்ணி முடிம்மா" என்றார்.